சைக்கிளைச் சீரியஸாக ஓட்டுகிறவர் யார்?

பெங்களூரில் யாரிடமாவது "நான் சைக்கிள் ஓட்டுவேன்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் "என்ன சைக்கிள் வச்சிருக்கீங்க?" என்றுதான் வரும். அதற்கடுத்தது விலை. அப்புறம், நந்தி மலை ஏறியிருக்கீங்களா, எத்தனை நிமிஷத்தில் ஏறினீங்க. இந்தக் கேள்விகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாதவர் "சும்மா ஓட்டுறேன், சீரியஸா எல்லாம் இல்லை" என்று தானே ஒதுங்கிக்கொள்கிறார். அல்சூரிலும் மர்பி டவுனிலும் நம் தமிழ் ஆட்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதுவும் தினமும் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. புதிதாக ஓட்ட ஆரம்பித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, முதலில் லட்ச ரூபாய் சேர்க்க வேண்டும், அப்புறம்தான் சைக்கிள் என்று தள்ளிப்போடுவதையும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் விளக்கம் சின்னது. தன் வாழ்க்கையில் சைக்கிளுக்கு ஒரு நிலையான வேலை கொடுத்து, அதை விடாமல் ஓட்டி, ஓட்டும் நேரம் முழுக்க வண்டி, சாலை, தன் உடம்பு மூன்றின் மேலும் கவனம் வைத்திருப்பவர் சீரியஸான சைக்கிள்காரர். வேகம் இதில் வரவில்லை, தூரமும் வரவில்லை. அந்த "வேலை" என்பது ஆபீஸ் போவதாக இருக்கலாம், பிள்ளையை ஸ்கூலில் விடுவதாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டா வரை போய் மனசைக் காற்றாட விட்டுவருவதாகவும் இருக்கலாம். கவனம் இருக்கிறதா, தொடர்ச்சி இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தால் வேறு முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். வெளிவட்டச் சாலையில் இருக்கும் கம்பெனி வளாகங்களின் பின்பக்க கேட்டில் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள் கறுப்பு கம்பி பிரேக் வண்டியில் (வயருக்குப் பதில் இரும்புக் கம்பி பிரேக்கை இழுக்கும் பழைய மாடல்) வரிசையாக வெளியே வருவார்கள். இரவு முழுக்க நின்றுவிட்டு, அந்த டிராபிக்கில், மேம்பாலத்துக்குக் கீழே எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்த டர்னிங்கில் பஸ் ஒடித்துக்கொண்டு வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். காரியரில் ஃபிளாஸ்க் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர் இருக்கிறார். அத்தனை எடையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஹம்ப் மேல் ஒரு சொட்டு சிந்தாமல் ஏறி இறங்குவதற்கு எவ்வளவு சமநிலை வேண்டும் என்பது ஒருமுறை சிலிண்டரோ அரிசி மூட்டையோ கட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து, அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள், முன்னால் இருக்கும் பார் மேல் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். தண்ணீர் எடுத்து வந்தார்கள், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரமும், அப்பாவோ வீட்டுக்காரரோ வந்து கூட்டிப்போக வேண்டும் என்ற நிலையும் குறைந்தது. சைக்கிளை இதைவிடச் சீரியஸாக யாரும் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கவனம் என்று சொன்னேனே, அது நடைமுறையில் என்ன? முதலில் வண்டி.

கிளம்புவதற்கு முன்னால் அரை நிமிஷம் போதும். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிச் செயின் சத்தத்தைக் கேளுங்கள். காற்று, பிரேக், செயின். இது மூன்றும் சரியாக இருந்தால் ஐயாயிரம் ரூபாய் வண்டியும் நன்றாகத்தான் ஓடும், மூன்றில் ஒன்று கெட்டிருந்தால் மூன்று லட்ச ரூபாய் வண்டியும் உங்களைக் கீழே தள்ளும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், பலர் அதைப் படித்ததே இல்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி எழுவதால் உங்கள் மிதியில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. பள்ளத்தில் விழும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழுவதும் இதனால்தான்.

செயின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் காசும் போகிறது, கவனமும் தெரிகிறது. பெங்களூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ கட்டுகிறார்கள், ஏதோ தோண்டுகிறார்கள், அந்தத் தூசி முழுக்கச் செயினில் வந்து உட்காரும். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ மோட்டார் பைக் ஆயிலையோ ஊற்றிவிட்டால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். பழைய துணியால் செயினை நன்றாகத் துடைத்துவிட்டு, சைக்கிள் செயினுக்கு என்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணி மேலும் ஒரு சொட்டு விட்டு, சற்று நேரம் கழித்து வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே, கண்ணிகளை இணைக்கும் ஊசிகளைச் சுற்றி இருந்தால் போதும், வெளியே பளபளவென்று இருக்க வேண்டியதில்லை.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும், அதன் இன்னொரு பக்கத்தில் 12 அங்குலம் இருக்கும். புதுச் செயினில் ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு ஊசி கச்சிதமாக வந்து நிற்கும். அந்த ஊசி கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போய்விட்டது என்றால் செயின் மாற்றும் நேரம். மூன்று மில்லிமீட்டர் வரை விட்டுவிட்டீர்கள் என்றால் செயினோடு சேர்த்துப் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு பல மடங்கு. இதைத் தெரிந்து வைத்திருக்கிற ஒருவர் எந்த வண்டி வைத்திருந்தாலும் எனக்கு மரியாதை வரும்.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கொடுப்பதில் தப்பே இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் லீவர் இரண்டு, சின்ன பம்ப், ஒட்டுகள், சொல்யூஷன், கொஞ்சம் உப்புத்தாள், எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். ட்யூபில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்ததும், அதே இடத்தில் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளையோ கண்ணாடித் துண்டையோ எடுக்காமல் விட்டால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதே பஞ்சர்தான். சொல்யூஷன் தடவிய உடனே ஒட்டக் கூடாது, ஈரம் போய் மங்கலாகும் வரை பொறுக்க வேண்டும். ரிம் கோட்டம் எடுப்பது, ஹப் பிரித்துக் குண்டுகளுக்குக் கிரீஸ் வைப்பதெல்லாம் கடைக்காரர் வேலை, அதை விட்டுவிடுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்போது சாலை. என்னைக் கேட்டால் ஒருவர் எப்படிப்பட்ட சைக்கிள்காரர் என்பது சாலையில் இருநூறு மீட்டர் பின்னால் போனாலே தெரிந்துவிடும்.

அவர் நேர்கோட்டில் போவார். இடது ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே நுழைந்து, அடுத்த கார் வந்ததும் வெளியே வருகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது பாதுகாப்பு மாதிரி தோன்றும், உண்மையில் பின்னால் வருகிற டிரைவரின் கண்ணில் நீங்கள் மறைந்து மறைந்து திடீரென்று முளைக்கிறீர்கள். அதற்குப் பதிலாக நின்றிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே நேராகப் போங்கள். அந்த ஒரு மீட்டர் கார்க் கதவுக்காக. பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் லைட் இப்போதுதான் அணைந்ததா, முன்சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகப் பழகினால், கதவு திறக்கப்போவது திறப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

வலப்பக்கம் நகர வேண்டும் என்றால் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் திரும்பிப் பார்ப்பது, அப்புறம் கை காட்டுவது, மறுபடி ஒரு பார்வை, அதற்கப்புறம்தான் நகர்வது. வண்டி வளையாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதற்கு முதலில் பயிற்சி தேவைப்படும். ஞாயிறு காலை கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை, அங்கே தரையில் இருக்கும் ஏதாவது ஒரு கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். நடக்கிறவர்களும் குழந்தைகளும் நிறைய இருப்பார்கள், மெதுவாக.

நின்றிருக்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் போகாதீர்கள், அங்கே ஆட்கள் இறங்குவார்கள். லாரியும் தண்ணீர் டேங்கரும் இடது பக்கம் திரும்பும்போது டிரைவருக்கு அந்தப் பக்கம் முன்மூலை தெரியவே தெரியாது. சிக்னலில் அவற்றின் இடது பக்கத்தில் போய் நிற்பதைவிட பின்னாலேயே நின்று தாமதமாகப் போவது மேல். டின் ஃபேக்டரி சந்திப்பு மாதிரியான இடங்களில் நான்கு பக்கமிருந்தும் வண்டி பின்னிக்கொண்டு வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறைவும் இல்லை. எப்போது இறங்க வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் நான் அனுபவசாலி என்பேன்.

எதிர்த்திசையில் ஓட்டுவது பற்றி ஒரு கணக்கு. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பைக் ஒன்று 40-ல் வருகிறது. ஒரே திசையில் போனால் அது உங்களை நெருங்கும் வேகம் 25 மட்டுமே, எதிரெதிராக வந்தால் 55. இருவருக்கும் யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போகிறது. யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று எல்லோரும் செய்கிறார்கள்தான், இருந்தாலும் வேண்டாம்.

பிரேக் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழைய பயம் உண்டு, முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. பின்னால் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்து, திடீரென்று இல்லாமல் சீராக அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தால் விழ மாட்டீர்கள். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் முதல் சில சுற்றுகளுக்கு ஈரத்தை வழிப்பதிலேயே போய்விடும், பிடிமானம் அப்புறம்தான் வரும், எனவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மே மாத மாலை மழையில் சாலை முழுக்க உதிர்ந்து கிடக்கும் குல்மொஹர் பூக்கள் அழகுதான், ஈரத்தில் அதன் மேலும் ஜீப்ரா கோட்டின் பெயிண்ட் மேலும் வண்டியைச் சாய்க்காதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் வானம் கறுத்துவிட்டால் பகலிலேயே லைட்டைப் போட்டுவிடுங்கள். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. பணம் செலவழிக்க வேண்டிய பொருள் எது என்று கேட்டால் ஹெல்மெட்டும் இந்த இரண்டு லைட்டும்தான் என்பேன்.

2020-ல் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு பக்கத்திலிருந்து சைக்கிளுக்குத் தனிப் பாதை பிரித்துக் கம்பங்கள் நட்டார்கள், அது நிலைக்கவில்லை. அந்தப் பாதை இருந்திருந்தால் எவ்வளவோ பேர் பயமில்லாமல் ஓட்ட வந்திருப்பார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் பாதை வரும் வரை காத்திருக்க முடியாதவர்கள்தான் இந்த ஊரில் பெரும்பாலானவர்கள், அதனால்தான் சாலையைப் படிக்கும் இந்தப் பழக்கத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உடம்பு விஷயம் சுருக்கமாக. சீட்டை உயர்த்துங்கள், தயவுசெய்து. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ வைத்துக்கொள்வதால்தான் நிறையப் பேருக்கு முட்டி வலிக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றிக்கொள்ளலாம், இரண்டு நாளில் பழகிவிடும்.

கியர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது, நிமிஷத்துக்கு 70 முதல் 90 சுற்று வரை என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். மேட்டுக்கு வந்து திணறிய பிறகு மாற்றாமல், மேடு தொடங்கும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பசி வரும் வரை காத்திருக்கக் கூடாது, வாழைப்பழமோ கடலைமிட்டாயோ பையில் இருக்கட்டும், போகப் போகச் சாப்பிடுங்கள். வெயில் நாளில் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு.

அப்படியென்றால் நல்ல சைக்கிளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நந்தி மலையையே எடுத்துக்கொள்வோம். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர், அடிவாரத்திலிருந்து ஏற்றம் ஏழெட்டு கிலோமீட்டர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோ சாதாரண சைக்கிளில் ஏறினால் மொத்தம் 88 கிலோ. அதே ஆள் விலை உயர்ந்த 8 கிலோ சைக்கிளில் ஏறினால் 78. செங்குத்தாக ஏறும்போது காற்றின் தடை குறைவு, எடைதான் பெரும்பாலும் எதிரி, எனவே அதே அளவு சக்தியோடு மிதித்தால் நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் மாறும். லேசான வண்டியில் 40 நிமிஷம் என்றால் கனமான வண்டியில் 45. பந்தயத்தில் இந்த ஐந்து நிமிஷம் எல்லாமும்தான். பந்தயம் ஓட்டாத உங்களுக்கும் எனக்கும் மேலே போய் மூச்சு வாங்கும்போது அது நினைவில்கூட இருக்காது.

சமதளத்தில் கதை வேறு. அங்கே பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்தாலே கிடைக்கும் பலன், வண்டியில் ஒரு கிலோ குறைப்பதால் கிடைப்பதைவிட அதிகம், அதற்குக் காசும் வேண்டாம். நகரத்துக்குள் சமமான சாலையில் 15, 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிக்னலில் நின்று கிளம்பும் நேரத்தில் மட்டும்தான் எடை தெரியும்.

உலகச் சாதனைகளிலும் இதற்குச் சாட்சி உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ தானே கட்டிய சைக்கிளில், வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கை வைத்து, 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். ஒரே வாரத்தில் கிறிஸ் போர்டுமேன் அதை முறியடித்தார் என்பது வேறு விஷயம்; அந்தச் சைக்கிளில் ஓப்ரீ கவனம் வைத்தது எதில் என்று பாருங்கள், தன் உடம்பு எந்த நிலையில் உட்கார்ந்தால் காற்றை நன்றாகக் கிழிக்கும் என்பதில். அதற்கு முன் 1967-ல் இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன் 12 மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அது அப்போதைய ஆண்கள் சாதனையையும் தாண்டிய தூரம். யார்க்‌ஷையரில் ஒரு பண்ணையில் உடலுழைப்பு வேலை பார்த்துக்கொண்டே பந்தயம் ஓட்டியவர் அவர், கடைசி வரை தொழில்முறை வீராங்கனை ஆகவில்லை. பெண்களில் அந்தச் சாதனையை உடைக்க 2017 வரை ஆனது.

இந்த விளையாட்டுக்குள்ளேயே வேகத்துக்கு மதிப்பெண் போடாத ஒரு பிரிவு இருக்கிறது, புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிப்பது அது, பிரெவே என்பார்கள். 1904-ல் பிரான்ஸில் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கிறது, பெங்களூரிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27, 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. மனித சக்தியால் ஓடும் எந்த வண்டியும் வரலாம். வழியில் நீங்கள் வந்ததைப் பதிவு செய்யும் சோதனைப் புள்ளிகள் இருக்கும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கூடவே வண்டி வந்து உதவி செய்யக் கூடாது, பஞ்சர் ஆனால் நீங்கள்தான் ஒட்ட வேண்டும், பசித்தால் வழியில் இருக்கும் கடையில் நீங்கள்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். இரவில் லைட்டும் பிரதிபலிக்கும் மேலங்கியும் கட்டாயம்.

200 கிலோமீட்டருக்கு அந்த நேரத்தை வகுத்துப் பாருங்கள், சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகம் போதும். ஆபீஸ் போகிற சைக்கிள்காரரின் வேகம் அது. முடிப்பவர்களுக்கும் விடுபவர்களுக்கும் இருக்கிற வித்தியாசம் நேரத்துக்குச் சாப்பிட்டார்களா, ஆரம்பத்திலேயே வேகம் காட்டிக் களைத்துவிடாமல் இருந்தார்களா, வண்டியை முந்தைய நாளே பார்த்து வைத்தார்களா என்பதில்தான் பெரும்பாலும் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இதன் உச்சம், 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அங்கேயும் முடித்தவர்களை வேக வரிசைப்படி அடுக்குவதில்லை.

குழுவாக ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலை பல்லாரி சாலையில் போகும் குழுக்களில் நல்லவை எவை என்றால், முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கை நீட்டிக் காட்டுவார், பின்னால் வண்டி வந்தால் கடைசி ஆள் குரல் கொடுப்பார், மேட்டில் பின்தங்கியவருக்காக மேலே எல்லோரும் நிற்பார்கள். அந்தப் பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பாமல் அவருக்கும் இரண்டு நிமிஷம் ஓய்வு கொடுப்பார்கள். புதியவரின் வண்டியைப் பார்த்து இதை மாற்றுங்கள், அதை மாற்றுங்கள் என்று சொல்லும் குழுவில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் வேறு குழு பாருங்கள், ஊரில் நிறைய இருக்கின்றன.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, ஏற்கெனவே இருக்கும் ஒரு தேவையைச் சைக்கிளுக்கு மாற்றுங்கள் என்பதே. தினமும் பால் வாங்கவோ, மெட்ரோ ஸ்டேஷன் வரையோ, சாயங்காலம் டியூஷனிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரவோ எப்படியும் போகிறீர்கள், அதில் ஒன்று. உடற்பயிற்சிக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கினால் மழை வந்த வாரத்தில் விட்டுப்போகும், பால் வாங்குவது விட்டுப்போகாது. ஒரே வழியைப் பல வாரம் ஓட்டுங்கள். எந்த மூலையில் ஸ்லாப் தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த வீட்டு கேட்டிலிருந்து கார் பின்னால் வரும், எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று அந்தச் சின்ன வழி முழுக்கக் கையில் வந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம். பெங்களூர் மேடும் பள்ளமுமான ஊர் என்பது பைக்கில் போகும்போது தெரியாது, சைக்கிளில் முதல் வாரமே தெரிந்துவிடும். புடவையோ சுடிதாரோ வேட்டியோ எதுவானாலும் செயின் கார்டு இருக்கும் வண்டியும் பின்சக்கரத்துக்கு வலையும் இருந்தால் ஓட்டலாம், விளையாட்டு உடை கட்டாயமில்லை. ஆபீஸில் நிறுத்த இடம் இல்லை என்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், ஏற்கெனவே ஓட்டி வருகிற செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: வேறு நல்ல சைக்கிள் எப்போது வாங்கலாம்? இப்போது இருக்கிற வண்டி எந்த இடத்தில் உங்களைத் தடுக்கிறது என்று குறிப்பாகச் சொல்ல முடிகிறபோது. "இந்த மேட்டில் இருப்பதிலேயே லேசான கியரிலும் முட்டி வலிக்கிறது", "மழையில் பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது", "இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கை மரத்துப்போகிறது", இப்படி. இதைச் சொன்னால் நல்ல கடைக்காரர் பின்னால் பெரிய பல்சக்கரம் இருக்கும் வண்டியையோ, டிஸ்க் பிரேக்கையோ, ஹேண்டில் பாரைக் கொஞ்சம் உயர்த்துவதையோ காட்டுவார். பல சமயம் ஹேண்டிலை உயர்த்தினாலே வேலை முடிந்துவிடும்.